அடுத்த பம்ப் 600 கிலோமீட்டரில்: ஆஸ்திரேலிய அவுட்பேக்கில் சிறுவிமானப் பயணம்

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து கிளம்பி, கிழக்கே சற்றுத் தெற்கு சாய்ந்து பறந்தால் பேர்ட்ஸ்வில் ஊர் வரை ஏறக்குறைய 600 கிலோமீட்டர். நடுவில் சிம்ப்சன் பாலைவனம். வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சுமார் 1,100 மணல்மேடுகள் வரிவரியாகக் கிடக்கின்றன. ஊர் இல்லை, தார்ச்சாலை இல்லை, செல்பேசிக் கோபுரம் இல்லை, எரிபொருள் இல்லை. நான்கு இருக்கை கொண்ட செஸ்னா 172 இந்தத் தூரத்தை மூன்று மணி நேரத்தில் கடந்துவிடும். எதிர்க்காற்று இருந்தால் நான்கு மணி நேரம். வழியில் உயர்ந்த மலை கிடையாது, வான்வெளியில் நெரிசல் கிடையாது, பெரும்பாலான நாட்களில் மேகமும் கிடையாது. விமானம் ஓட்டுவது என்ற அளவில் இதைவிட எளிதான பாதை கிடைப்பது அரிது. கடினமான வேலையெல்லாம் புறப்படுவதற்கு முந்தைய மாலை தரையிலேயே நடக்கிறது. எரிபொருள், எடை, தண்ணீர், பகல்வெளிச்சம் ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் கணக்குதான் அந்த வேலை. அதில் விட்ட ஓட்டையை மேலே போய் அடைக்க முடியாது.

அவுட்பேக் எனப்படும் இந்த உள்நாட்டு வெட்டவெளியில் சிறுவிமானம் சுற்ற முடிகிறது என்றால் அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. குவாண்டாஸ் விமான நிறுவனம் 1920இல் வின்டனில் பதிவாகி, அடுத்த ஆண்டே லாங்ரீச்சுக்கு இடம்பெயர்ந்தது. அதன் தொடக்ககால வேலையே குயின்ஸ்லாந்து மாநிலத்தின் உட்பகுதி ஊர்களுக்கு அஞ்சலும் ஆட்களும் ஏற்றிச் செல்வதுதான். 1928 மே 17 அன்று க்ளான்கரியிலிருந்து பறக்கும் மருத்துவர் சேவையின் முதல் விமானம் கிளம்பியது. அவசரத்துக்கு மருத்துவர் வந்து இறங்க வேண்டுமென்றால் பண்ணையில் ஓடுபாதை இருந்தாக வேண்டும். அதனால்தான் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாட்டுப் பண்ணைகளிலும் சாலையோர விடுதிகளிலும் இன்று ஒரு மண்பாதையாவது இருக்கிறது. பயணி நம்பியிருப்பது அந்தப் பாதைகளைத்தான். ஆனால் பல பாதைகள் தனியார் சொத்து. தொலைபேசியில் அனுமதி கேட்காமல் அங்கே இறங்கக் கூடாது. அனுமதி கேட்கும்போதே பாதையின் நிலையும் தெரிந்துவிடும்.

கணக்குப் போட்டுக் காட்ட ஒரு பாதையை வைத்துக்கொள்வோம். நியூ சவுத் வேல்ஸின் ப்ரோக்கன் ஹில்லில் தொடங்கி இன்னமிங்கா 480 கி.மீ., அங்கிருந்து பேர்ட்ஸ்வில் 250, ஏர் ஏரியைப் பார்த்தபடி வில்லியம் க்ரீக் 450, கூபர் பீடி 160, உலுரு பெரும்பாறைக்கு அருகிலுள்ள யுலாரா 565, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் 335, சிம்ப்சனைக் கடந்து மீண்டும் பேர்ட்ஸ்வில் 600, கடைசியாக ப்ரோக்கன் ஹில் 700. மொத்தம் 3,500 கி.மீ.க்குச் சற்று மேல். மணிக்கு 200 கி.மீ. என்று கொண்டால் 18 மணி நேரப் பறப்பு, மணிக்கு 36 லிட்டர் வீதம் 650 லிட்டர் அளவுக்கு எரிபொருள். காகிதத்தில் ஐந்து நாளில் முடியும். ஆனால் எட்டு நாளாவது ஒதுக்காமல் இதைத் தொடங்குவது சரியல்ல. மழை பெய்தால் மண்பாதைகள் மூடப்படும். அவை காயும் வரை எவரும் எங்கும் போக முடியாது. ஊர் திரும்பும் பன்னாட்டு விமானத்துக்கு மறுநாளே டிக்கெட் எடுத்து வைத்திருப்பவர்தான் போகக் கூடாத வானிலையில் கிளம்பத் துணிவார்.

ஏற்ற காலம் ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. ஜூலையில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பகல் 20 டிகிரி, இரவு 4 டிகிரி அளவில் இருக்கும். விடியலில் கிளம்ப நினைப்பவரைச் சில நாள் இறக்கையில் படிந்த உறைபனி தடுத்துவிடும். மெல்லிய படலம்தானே என்று அப்படியே பறக்கக் கூடாது. இறக்கையின் மேற்பரப்பு சொரசொரப்பானால் தூக்குவிசை கெட்டுவிடும். விமானத்தை வெயில் படும்படி திருப்பி நிறுத்தி, உருகியதைத் துணியால் துடைத்த பிறகே கிளம்ப வேண்டும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான அங்குள்ள கோடையில் சிக்கல் நேரெதிர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து 1,789 அடி உயரத்தில் இருக்கிறது. விமானக் கணக்குகளில் அந்த உயரத்துக்கு வைக்கும் நிலையான வெப்பநிலை 11 டிகிரிதான். வெயில் 40 டிகிரி அடித்தால் 29 டிகிரி கூடுதல். டிகிரிக்கு 120 அடி வீதம் கூட்டினால், காற்றின் அடர்த்தி 5,200 அடி உயரத்தில் இருப்பதைப் போல மெலிந்திருக்கும். கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 730 அடி ஏறும் செஸ்னா 172எஸ், முழு எடையில் இங்கே 500 அடி அளவில்தான் ஏறும். ஓடுபாதையில் ஓடும் தூரமும் அதற்கேற்ப நீளும். சூடேறி மேலெழும் காற்றுத் தூண்கள் வேறு முற்பகலிலேயே கிளம்பிவிடும். கழுகுகள் அவற்றில் ஏறிச் சுற்றும் உயரமும் சிறுவிமானம் பறக்கும் உயரமும் ஒன்றே. குளிர்காலத்திலும் நல்ல வழக்கம், முதல் வெளிச்சத்தில் கிளம்பி நண்பகலுக்கு முன் அன்றைய பறப்பை முடித்துக்கொள்வதுதான்.

இனி எடை. பலரும் சறுக்குவது இங்கேதான். செஸ்னா 172எஸ் மாடலின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 1,157 கிலோ. வெற்று எடை விமானத்துக்கு விமானம் மாறும். சுமார் 765 கிலோ என்று கொள்வோம். ஏற்றக்கூடியது 390 கிலோ. பயன்படும் எரிபொருள் 200 லிட்டர். ஏவ்காஸ் எனப்படும் விமானப் பெட்ரோல் லிட்டருக்கு 0.72 கிலோ என்பதால் அதுவே 144 கிலோ. மிச்சம் 246. தலா 80 கிலோ வீதம் மூன்று பேர் ஏறினால் 240. பெட்டி, தண்ணீர், கருவிகள் எல்லாவற்றுக்குமாக 6 கிலோ மீதி. அதாவது நான்கு இருக்கை இருந்தாலும் அவுட்பேக்கில் இது இருவருக்கான விமானம். இருவர் மட்டும் ஏறினால் 86 கிலோ கிடைக்கும். அதில் குடிநீருக்கு 20, உயிர்காப்புப் பொருள், கருவி, என்ஜின் ஆயில், கட்டும் கயிறு ஆகியவற்றுக்கு 20 போக, துணிமணிக்குத் தாராளமாக இடம் உண்டு. பின்புறச் சாமான் அறை 54 கிலோதான் தாங்கும். அதற்கு மேற்பட்டதைப் பின்னிருக்கையில் வைத்துப் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

மூவரோ நால்வரோ போக வேண்டுமென்றால் செஸ்னா 182 போன்ற பெரிய விமானத்துக்கு மாறுவதே நேர்மையான வழி. அதன் டேங்கில் சுமார் 330 லிட்டர் பிடிக்கும், வேகமும் கூடுதல், மணிக்கு 50 லிட்டருக்கு மேல் குடிக்கும். எரிபொருளைக் குறைத்து ஆளைக் கூட்டும் யோசனை நகர்ப்புறத்தில் செல்லுபடியாகலாம். பம்புக்குப் பம்பு 500 கிலோமீட்டர் இருக்கும் இடத்தில் அதற்கு இடமில்லை.

சிம்ப்சன் கணக்குக்குத் திரும்புவோம். 200 லிட்டரை 36ஆல் வகுத்தால் ஐந்தரை மணி நேரம். பகலில் கண்பார்வை விதிப்படி பறக்கும் சிறுவிமானத்துக்குச் சட்டம் கேட்கும் கடைசி இருப்பு 30 நிமிடம். இந்த நிலப்பரப்பில் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகத் திட்டமிடக் கூடாது என்பதே எங்கள் கருத்து. ஆக நான்கரை மணி நேரம். காற்றில்லாத நாளில் 900 கி.மீ. ஆனால் குளிர்காலத்தில் இங்கே தென்கிழக்கிலிருந்து காற்று வீசுவது வழக்கம், பாதையோ கிழக்கு நோக்கியது. 25 நாட் எதிர்க்காற்று என்றால் மணிக்கு 46 கி.மீ. கழியும், தரைவேகம் 154. நான்கரை மணி நேரத்தில் 690 கி.மீ. பேர்ட்ஸ்வில் 600தான், போதுமே என்று தோன்றும். பேர்ட்ஸ்வில்லில் புழுதிப்புயலால் இறங்க முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நல்ல ஓடுபாதை வடக்கே 170 கி.மீ. தள்ளி பெடூரியில். திரும்பியபின் காற்று முகத்தில் அடிக்காமல் பக்கமாக வரலாம். ஆனால் கணக்கை நல்ல பக்கம் சாய்த்துப் போடக் கூடாது. மொத்தம் 770 கி.மீ., அதே வேகத்தில் ஐந்து மணி நேரம், 180 லிட்டர். டேங்கில் மிஞ்சுவது 20 லிட்டர், அதாவது 33 நிமிடம். சட்டத்தின் எல்லையை உரசிக்கொண்டு நிற்கும் எண் அது. தரையில் ஓடுவதற்கும் உயரம் ஏறுவதற்கும் ஆகும் கூடுதல் எரிபொருளை இன்னும் சேர்க்கவே இல்லை. கடைசி இருப்பைத் தொடாமல் இறங்க முடியாது என்று தெரிந்த நொடியே ரேடியோவில் ‘மேடே ஃப்யூயல்’ என்று அறிவிப்பது கட்டாயம். ஆனால் பாலைவனத்தின் நடுவில் அந்த அறிவிப்பு ஓடுபாதையைக் கொண்டு வந்து தராது.

ஆகவே புறப்படும் முன்னரே திரும்பும் புள்ளியைக் குறித்துவிட வேண்டும். போகும் வேகம் 154, காற்று முதுகைத் தள்ளத் திரும்பும் வேகம் 246. நான்கரை மணி நேரத்தை 246ஆல் பெருக்கி, இரண்டு வேகங்களின் கூட்டுத்தொகையான 400ஆல் வகுத்தால் 2 மணி 46 நிமிடம் வரும். அதாவது 426ஆவது கிலோமீட்டர் வரை, ஒரு மணி நேர இருப்பைத் தொடாமல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குத் திரும்ப முடியும். பேர்ட்ஸ்வில் எப்படி இருக்கிறது என்ற செய்தி அதற்கு முன் கையில் வந்தாக வேண்டும். வழியில் தரைவேகத்தை அரைமணிக்கு ஒருமுறை சரிபார்த்து, கணக்கிட்டதைவிடக் குறைந்தால் புள்ளியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். இதில் மனம் ஒப்பாதவர் ஃபின்க், ஊட்னடாட்டா, மாரீ வழியாகத் தெற்கே சுற்றி பேர்ட்ஸ்வில் ட்ராக்கை ஒட்டி வரலாம். தூரம் கூடும், ஆனால் கீழே எப்போதும் ஒரு சாலை தெரியும். முதல்முறை போகிறவருக்கு இந்தச் சுற்றுவழியையே பரிந்துரைக்கிறோம்.

36 லிட்டர் என்ற எண்ணும் தானாக வருவதல்ல. உயரம் போனபின் என்ஜினுக்குப் போகும் காற்று-பெட்ரோல் கலவையை மெலிதாக்காமல், அதற்கான சிவப்புக் குமிழை முழுக்க உள்ளே விட்டபடி பறந்தால் 45 லிட்டருக்கு மேல் போகும். அப்படியானால் ஐந்தரை மணி நேரம் நாலரையாகச் சுருங்கும். கணக்கில் வைத்த ஒரு மணி நேர இருப்பு முழுதும் அதிலேயே போய்விடும். டேங்கில் உள்ளதை அளக்க முகப்புமானியை நம்பக் கூடாது. சமதரையில் நிறுத்தி அளவுக்குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். சரிவில் நின்றால் ஒரு பக்கம் அதிகமும் மறுபக்கம் குறைவும் காட்டும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் பறக்கும்போது மேற்பரப்பின் உறிஞ்சல் எரிபொருளை வெளியே இழுக்கும். மழை பெய்தால் அதே வழியாக நீர் உள்ளே இறங்கும். ஒவ்வொரு காலையும், ஒவ்வொரு முறை நிரப்பிய பிறகும், டேங்க் அடியிலிருந்து மாதிரி எடுத்துப் பார்ப்பதை விடக் கூடாது.

எரிபொருள் எங்கே கிடைக்கும் என்பது எர்சா எனப்படும் அதிகாரப்பூர்வ வழித்துணைக் கையேட்டில் இருக்கும். அதை மட்டும் நம்பிக் கிளம்பியவர்கள் காலி பம்ப் முன் நின்றதுண்டு. லாரி வரவில்லை, பம்ப் பழுது, முந்தைய நாள் வந்த கூட்டம் காலி செய்துவிட்டது என எதுவும் நடக்கலாம். முந்தைய நாள் நேரில் பேசிக் கேட்க வேண்டியவை: ஏவ்காஸ் இருக்கிறதா, எத்தனை லிட்டர், எந்த அட்டையை இயந்திரம் ஏற்கும், ஆள் வந்து ஊற்ற வேண்டுமா, வேலைநேரத்துக்கு வெளியே வந்தால் கூடுதல் கட்டணம் எவ்வளவு. பல பம்புகள் அந்தந்த எண்ணெய் நிறுவனத்தின் அட்டையை மட்டுமே ஏற்கும். விமானம் வாடகைக்குத் தருபவரிடம் எந்தெந்த அட்டை இருக்கிறது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் தொடக்கத்தில் பேர்ட்ஸ்வில் குதிரைப் பந்தயம் நடக்கும் வாரத்தில், நூறு சொச்சம் பேர் வாழும் அந்த ஊரில் ஏராளமான சிறுவிமானங்கள் இறங்கி, விமானிகள் இறக்கையடியில் கூடாரம் போட்டுப் படுப்பார்கள். அந்த வாரத்தில் பம்பின் வரிசை, அறை, இறங்கும் நடைமுறை எல்லாமே வேறு.

சில இடங்களில் பம்பே இருக்காது. 200 லிட்டர் ட்ரம்தான். முழு ட்ரம்முக்கும் பணம் கட்ட வேண்டும், உங்கள் டேங்கில் 120 லிட்டர்தான் பிடிக்கும் என்றாலும். முத்திரை உடையாமல் இருக்கிறதா, நிரப்பிய தேதி என்ன, மேலே எழுதியிருப்பது ஏவ்காஸ்தானா என்று பார்க்க வேண்டும். ட்ரம்மை நிமிர்த்தி, ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சற்றுச் சாய்த்து, சில மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். நீரும் துருவும் தாழ்ந்த ஓரத்தில் தங்கும். குழாயை உயர்ந்த பக்கத்தில் விட்டு, அடிவரை இறக்காமல் எடுக்க வேண்டும். நீர் கண்டால் நிறம் மாறும் பசையைக் குச்சியில் தடவிச் சோதிக்கலாம். நிலைமின்சாரப் பொறி தாவாமலிருக்க ட்ரம், பம்ப், விமானம் மூன்றையும் கம்பியால் இணைத்த பிறகே ஊற்றத் தொடங்க வேண்டும். கைப்பம்பும் வடிகட்டியும் அங்கே இருக்கும் என்ற எண்ணத்தில் போகாதீர்கள்.

இன்னொரு ஆபத்து, ஜெட் எரிபொருளை பிஸ்டன் என்ஜினில் ஊற்றிவிடுவது. பறக்கும் மருத்துவரின் விமானங்கள் டர்பைன் வகை என்பதால் பல ஊர்களில் ஜெட் ஏ-1 பம்பும் ஏவ்காஸ் பம்பும் அருகருகே இருக்கும். ஏவ்காஸ் 100எல்எல் நீலநிறம். ஜெட் எரிபொருள் நிறமற்றது அல்லது வைக்கோல் நிறம், தொட்டால் பிசுபிசுக்கும். இரண்டும் கலந்தால் நிறம் ஏமாற்றக்கூடும். அதனால் வேறொருவர் ஊற்றினாலும் விமானி கூடவே நிற்க வேண்டும்.

மண்பாதையில் முதல் பலி புரொப்பெல்லர். நின்ற இடத்தில் என்ஜினை முடுக்கினால் கீழுள்ள சரளைக்கல்லை அது உறிஞ்சித் தன்மேலேயே அடித்துக்கொள்ளும். என்ஜின் சோதனையைக் கல் இல்லாத இடத்தில் செய்துகொண்டு, புறப்படும்போது விமானம் உருளத் தொடங்கிய பிறகு சிறிது சிறிதாக விசையைக் கூட்ட வேண்டும். கட்டுப்பாட்டுச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தால் முன்சக்கரத்தின் சுமை குறையும். ஒவ்வொரு முறை இறங்கியதும் விசிறியின் ஓரத்தை விரலால் தடவி வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இறங்குமுன் ஒருமுறை பாதையின் மேல் தாழப் பறந்து பார்ப்பது நல்லது. மாடு, கங்காரு, ஈமு எதுவும் நிற்கலாம். மழைநீர் அரித்த பள்ளம் கிடக்கலாம். காற்றுத்திசை காட்டும் துணிக்குழல் கிழிந்து போயிருக்கலாம்.

நிறுத்துமிடத்திலும் தொல்லை உண்டு. ஓடுபாதை ஓரங்களில் மண்டும் நெருஞ்சி இனத்து முட்செடிகள் டயரைக் குத்தி ட்யூப் வரை போகும். அடுத்த மெக்கானிக் 500 கிலோமீட்டரில் இருக்கும்போது ஒரு பஞ்சர் இரண்டு நாளைத் தின்னும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் ஒவ்வொரு மாற்று ட்யூப் கையில் இருந்தால், உள்ளூர் மோட்டார் பட்டறை ஆளும் தகுந்த உரிமம் உள்ளவரின் வழிகாட்டலில் உதவ முடியும். சேற்றுக்குளவி அதைவிட மோசம். காற்றுவேகம் அளக்கும் பிடோ குழாயின் துளையைக் கண்டால் மண்ணால் அடைத்துக் கூடு கட்டத் தொடங்கிவிடும். அதற்கு ஓர் இரவு கூடத் தேவையில்லை, காபி குடித்துவிட்டு வரும் நேரம் போதும். ஓடுபாதையில் வேகம் கூடியும் வேகமானியின் முள் அசையாவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். டேங்கின் காற்றுத்துளையிலும் அதே குளவி புகும். அப்போது எரிபொருள் ஓட்டமே தடைப்படலாம். எவ்வளவு குறுகிய நிறுத்தமானாலும் உறைகளை மாட்டிவிடுவதே தீர்வு. பிற்பகலில் கிளம்பும் சூறைச்சுழல் கட்டாத விமானத்தைக் கவிழ்த்துவிடும். இரண்டு இறக்கை, ஒரு வால் என மூன்று இடத்தில் கட்ட முளையும் கயிறும் கூடவே கொண்டுபோக வேண்டும்.

நண்பகலில் எரிபொருள் நிரப்பிவிட்டுக் கிளம்பும்போது என்ஜின் பிடிக்காமல் தவிப்பது 172எஸ் போன்ற இன்ஜெக்ஷன் என்ஜின்களின் குணம். மூடிக்குள் தேங்கிய சூட்டில் மெல்லிய குழாய்களிலுள்ள பெட்ரோல் ஆவியாகிவிடுவதே காரணம். மீண்டும் மீண்டும் எரிபொருள் பம்பை இயக்கினால் என்ஜின் பெட்ரோலில் மூழ்கிவிடும், பேட்டரியும் தீரும். கலவைக் குமிழை வெளியே இழுத்து, த்ராட்டிலைச் சிறிது திறந்து சுழற்றி, பற்றிய நொடியில் குமிழை உள்ளே தள்ள வேண்டும். ஸ்டார்ட்டருக்கு இடையிடையே ஓய்வு கொடுங்கள். ஆயில் 8 குவார்ட் (ஒரு குவார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்) பிடிக்கும் என்ஜின் இது. 5க்குக் கீழே இறங்கினால் பறக்கக் கூடாது. அதே தர ஆயில் வழியில் கிடைக்காது என்று எண்ணி நாலைந்து குவார்ட் எடுத்துக்கொள்வது வழக்கம். புறப்படுமுன், 100 மணிநேரப் பராமரிப்புக்கு இன்னும் எத்தனை மணி மிச்சம் என்றும் பாருங்கள். 18 மணி நேரப் பயணத்துக்கு 20 மணி மிச்சமிருக்கும் விமானத்தை எடுப்பது விவேகமல்ல.

வெளிச்சக் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. இரவுப் பறப்புத் தகுதி இல்லாதவர் கடைசி வெளிச்சத்துக்குக் குறைந்தது 10 நிமிடம் முன்பாக இறங்கும்படி திட்டமிட வேண்டும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கும் வடக்கு ஆட்சிப்பகுதியும் தெற்கு ஆஸ்திரேலியாவும் உலகநேரத்துக்கு ஒன்பதரை மணி முன்னே; பேர்ட்ஸ்வில் இருக்கும் குயின்ஸ்லாந்து பத்து மணி. ப்ரோக்கன் ஹில் நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும் தெற்கு ஆஸ்திரேலிய நேரத்தைப் பின்பற்றுகிறது. கோடையில் தெற்கு ஆஸ்திரேலியா மட்டும் மேலும் ஒரு மணி நேரம் முன்னே நகரும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸும் பேர்ட்ஸ்வில்லும் நகராது. கிழக்கே பறக்கும்போது கடிகாரம் அரைமணி ஓடிவிடும், சூரியனும் முன்னதாகவே மறையும். எல்லாவற்றையும் உலகநேரத்திலேயே எழுதி வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் இல்லை.

வழி கண்டுபிடிக்க ஓஸ்ரன்வேஸ், ஏவ்ப்ளான் போன்ற ஆஸ்திரேலியச் செயலிகள் டேப்லெட்டில் எல்லா வரைபடத்தையும் தந்துவிடுகின்றன. கண்ணாடிக்குப் பின் வெயிலில் வைத்த டேப்லெட் சூடேறித் தானாக அணையும் என்பதால் இன்னொரு சாதனமும் காகித வரைபடமும் வேண்டும். கூபர் பீடியின் தெற்கிலும் மேற்கிலும் விரியும் வூமெரா ஆயுதச் சோதனைப் பகுதியின் வான்வெளி எப்போது மூடப்படும் என்பது நோட்டாம் எனப்படும் விமானிகளுக்கான அறிவிப்பில்தான் தெரியும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குத் தென்மேற்கே பைன் கேப் உளவுத் தளத்தின் மேல் பறக்கவே கூடாது. உலுருவையும் அருகிலுள்ள கட்டா ட்ஜூட்டா பாறைக்குன்றுகளையும் எந்த உயரத்தில், எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பதற்குத் தனி நடைமுறை உண்டு. பூர்வகுடிகளான அனங்கு மக்களுக்கு 1985இல் திரும்ப ஒப்படைக்கப்பட்ட நிலம் அது. நடைமுறையைப் பின்பற்றுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையும்கூட. யுலாராவில் கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லை, ஆனால் பெரிய ஜெட் விமானங்கள் வந்து போகும். ரேடியோவில் காதைத் தீட்டிக்கொண்டு, தெளிவாகப் பேசினால் சிக்கல் வராது.

இந்தப் பயணத்தின் பெரும் காட்சி, ‘காட்டி தண்டா’ என்றும் பெயர் கொண்ட ஏர் ஏரிதான். நாட்டின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் நீர் இதை நோக்கி ஓடி வருகிறது, ஆனால் பெரும்பாலான ஆண்டுகளில் வந்து சேர்வதில்லை. மேற்கு குயின்ஸ்லாந்தில் பெய்த மழை வாரக்கணக்கில் ஊர்ந்து வந்து 1974இல் ஏரியை நிரப்பியது. 2025 வெள்ளமும் பெரிய அளவில் நீர் கொண்டுவந்தது. ஏரித்தளம் கடல்மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே. வறண்ட காலத்தில் உப்பு மேலோடு வெள்ளை வெளேரென்று விரியும். நீர் நிற்கும்போது அது வானத்தின் நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். இரண்டு நிலையிலும் தொடுவானம் மறையும், உயரம் கண்ணுக்குப் பிடிபடாது. தாழப் பறந்து படம் எடுக்க ஆசைப்படுபவர் அறியாமலே கீழிறங்கிவிடும் இடம் இது. செயற்கைத் தொடுவானக் கருவியையும் உயரமானியையும் விட்டுக் கண்ணை எடுக்காமல், 500 அடி என்ற சட்ட வரம்புக்கு வெகு மேலே இருங்கள். என்ஜின் நின்றால் 172 ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் இரண்டே முக்கால் கி.மீ. மிதந்து போகும். ஐயாயிரம் அடியில் 14 கி.மீ. ஏரியின் அகலமோ 77 கி.மீ. எனவே கரையை ஒட்டியே சுற்ற வேண்டும். உறுதியாகத் தெரியும் உப்புப்பரப்பின் அடியில் சேறு. அவசரமாக இறங்கினால் சக்கரம் புதைந்து விமானம் தலைகுப்புறக் கவிழும். நீர் வந்த ஆண்டுகளில் பெலிக்கன் கூட்டங்களும், பார்வையாளர்களை ஏற்றிச் சுற்றும் விமானங்களும் சேர்ந்துகொள்ளும். ஏரி அரபானா என்ற பூர்வகுடி மக்களுக்குப் புனிதமானது. அதில் இறங்குவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 1929 ஏப்ரல் காட்டியது. காணாமல் போன புகழ்பெற்ற விமானி கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித்தைத் தேடிப் போன கீத் ஆண்டர்சனும் பாப் ஹிட்ச்காக்கும் ‘கூக்கபரா’ என்ற சிறுவிமானத்தில் தனாமி பாலைவனத்தில் என்ஜின் கோளாறால் இறங்கினார்கள். கோளாறைச் சரிசெய்தும் புதர்நிலத்திலிருந்து மேலெழ முடியவில்லை. கையில் ரேடியோ இல்லை, தண்ணீர் மிகக் கொஞ்சம். இருவரும் தாகத்தால் இறந்தார்கள். விமானத்தின் எச்சம் இன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் காட்சிக்கு இருக்கிறது. தேடப்பட்ட கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் உயிரோடு கிடைத்துவிட்டார்.

இன்றைய விதிகள் அந்தக் குறைகளையே நிரப்புகின்றன. நடு ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதி ‘குறிக்கப்பட்ட தொலைப்பகுதி’ என்ற வகையில் வருகிறது. அங்கே பறப்பவர் உயிர்காப்புப் பொருள் வைத்திருக்க வேண்டும். சார்டைம் எனப்படும் தேடல் நேரத்தையோ, பொறுப்பான ஒருவரிடம் பயணக் குறிப்பையோ விட்டுச் செல்ல வேண்டும். சார்டைம் என்பது நீங்களே குறிக்கும் கெடு. இறங்கியதும் தொலைபேசியில் ரத்து செய்யாவிட்டால், நேரம் கடந்ததும் விசாரிப்பு தொடங்கி, கான்பெராவிலுள்ள மீட்பு ஒருங்கிணைப்பு மையம் வரை போகும். செல்பேசி எடுக்காத பண்ணையில் இறங்கிவிட்டு ரத்து செய்ய வழியில்லாமல் நிற்பது அடிக்கடி நடப்பது. ஊருக்குள்ளாவது அலைவரிசை கிடைப்பது பெரும்பாலும் டெல்ஸ்ட்ரா நிறுவனத்துக்கு மட்டும்தான். செயற்கைக்கோள் தொலைபேசியோ செய்திக்கருவியோ அவசியம். விமான ரேடியோ நேர்க்கோட்டில் மட்டுமே எட்டும். 5,000 அடியில் 160 கி.மீ. வரை கேட்கும், தரையில் நின்றால் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை.

அவசர ஒலிபரப்பி 406 மெகாஹெர்ட்ஸ் வகையாக இருக்க வேண்டும், பழைய 121.5ஐச் செயற்கைக்கோள்கள் கேட்பது 2009 பிப்ரவரி 1 அன்றே நின்றுவிட்டது. ஜிபிஎஸ் உள்ள கருவி இடத்தை 120 மீட்டர் அளவுக்கு நெருக்கமாகச் சொல்லும், இல்லாதது 5 கி.மீ. அளவில்தான். அதைப் பெட்டியில் வைக்காமல் உடலோடு கட்டிக்கொள்ளுங்கள். பெட்டி எரிந்தால் கருவியும் எரியும். பாலைவனத்தில் இறங்க நேர்ந்தால் மேடுகளுக்குக் குறுக்கே போகாமல், இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள தாழ்வில் அவற்றுக்கு இணையாக இறங்க வேண்டும். அதன்பின் விமானத்தை விட்டு நகரக் கூடாது. மேலிருந்து தேடுபவர் கண்ணில் இறக்கை படும், நடந்து போகும் ஆள் படமாட்டார். இறக்கையடி நிழலில் அசையாமல் இருந்தாலும் கடும் வெயிலில் ஒருவருக்கு நாளுக்கு 5 லிட்டருக்கு மேல் தேவைப்படும். ஆளுக்கு 10 லிட்டர், ஒரே கேனில் இல்லாமல் பல குப்பிகளில். வழியில் குடிப்பதற்கானது தனி. தேடுபவருக்குச் சைகை காட்ட, வெயிலைத் திருப்பியடிக்க முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, கரும்புகைக்கு என்ஜின் ஆயிலும் டயர்த் துண்டும்.

வெளிநாட்டு உரிமம் வைத்திருப்பவர், இந்திய உரிமமானாலும், ஆஸ்திரேலியாவின் சிவில் விமானப் பாதுகாப்பு ஆணையத்திடம் தற்காலிகச் சான்றோ நிரந்தர மாற்றமோ பெற வேண்டும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போன்ற நிலையங்களில் நடமாடப் பாதுகாப்பு அடையாள அட்டையும் தேவை. இவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் விமான டிக்கெட்டுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் நான்கு வரியை விரல் வைத்துப் படிக்க வேண்டும்: மண்பாதையில் இறங்க அனுமதி உண்டா, நாளுக்குக் குறைந்தபட்சம் எத்தனை மணி நேர வாடகை, எரிபொருள் சேர்த்த வாடகை என்றால் உள்நாட்டின் கூடுதல் விலையில் எவ்வளவு திருப்பித் தருவார்கள், விமானம் பழுதாகி வழியில் நின்றால் மெக்கானிக்கை அனுப்பும் செலவும், அதைத் திரும்பப் பறந்து கொண்டுவரும் செலவும் யாருடையது. கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்காமல் சாவியை வாங்காதீர்கள். பேர்ட்ஸ்வில்லில் விமானத்தை விட்டுவிட்டுப் பயணி வாரத்தில் சில நாள் மட்டும் வரும் பயணியர் விமானத்தில் ஊர் திரும்பினால், இந்தப் பயணம் முழுதுக்குமான எரிபொருள் செலவைவிட அந்த மீட்புக் கட்டணம் கூடுதலாகிவிடக்கூடும்.